28ஆம் நாள் கையெழுத்து

அறை வாசலில் கிடந்த மரப் பெஞ்சுதான் அதிகாரத்தைப் பற்றி எனக்கு அதிகம் சொல்லிக் கொடுத்தது. சென்னையில், கடற்கரையை ஒட்டிய ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தேன். இயக்குநர் என்னைக் காக்க வைப்பார். நான் உதவியாளர்களைக் காக்க வைப்பேன். எங்கள் எல்லோரையும் விடக் குறைந்த சம்பளம் வாங்கிய டபேதாரோ, உள்ளே செய்தித்தாள் விரிந்திருக்கும் வேளையிலும் "ஐயா மீட்டிங்ல இருக்கார்" என்று சொல்லி, வெளியூரிலிருந்து வந்தவர்களை அந்தப் பெஞ்சில் உட்கார்த்திவிடுவார். அதனால் அவருக்குக் காசு ஒன்றும் கிடைத்ததில்லை. தன் சொல்லுக்கு நாலு பேர் உட்காருகிறார்கள் என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்திருக்க வேண்டும்.

2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இந்தக் காத்திருப்புக்கு விலை வைத்தது. தகவல் கேட்பவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை. தக்க காரணமின்றித் தாமதித்தால் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம், 25,000 ரூபாய் வரை பொதுத் தகவல் அலுவலரே அபராதம் கட்ட நேரிடும். கூடிய விரைவில், எப்படியும் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது விதி. அதன் முற்பாதியைப் படித்ததாகவே நாங்கள் யாரும் காட்டிக்கொண்டதில்லை.

பொதுத் தகவல் அலுவலர் பொறுப்பும் என்னிடம் இருந்தபோது, ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் மஞ்சள் பையிலிருந்து, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டிய மனுவை எடுத்து நீட்டினார். தம் பணிப்பதிவேட்டில் இரண்டு பக்கங்களுக்கு நகல் வேண்டுமாம்.

"எதுக்குங்க ஐயா?" என்று கேட்டேன்.

"எதுக்குன்னு கேக்கக் கூடாதுன்னு சட்டத்துல இருக்குங்களே சார்" என்றார், மிகப் பணிவாக.

அவர் சொன்னது சரி என்பதுதான் என்னைச் சுட்டது. பதிவேடு எனக்குப் பின்னால் இருந்த அலமாரியிலேயே இருந்தது. அன்று மாலைக்குள் பதில் எழுதியிருக்கலாம். 28ஆம் நாள்தான் கையெழுத்திட்டேன். அதற்காக யாரும் என்னைக் கேள்வி கேட்க முடியாது. லஞ்சத்துக்குக் கை நீட்டாதவன் என்ற பெயர் வேறு எனக்கு இருந்தது; அந்தப் பெயரே, என்னை நான் சந்தேகிக்காதபடி பார்த்துக்கொண்டது. கட்டுப்படுத்த வந்த சட்டம் விட்டுவைத்த இடைவெளியைக்கூட மனம் எவ்வளவு சீக்கிரம் அளந்து வைத்துக்கொள்கிறது!

நகல் கட்டணம் பக்கத்துக்கு இரண்டு ரூபாய். பெரியவர் நேரில் வந்து, நான்கு ரூபாயைச் சில்லறையாக எண்ணி மேசைமேல் வைத்தார். ரசீதை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்துவிட்டு, "தேதி போட மறந்துட்டீங்களே சார்" என்று திருப்பி நீட்டினார்.