கடைசி பஸ் எப்போது, தம்பி?

பள்ளி நினைவு மலருக்குத் தமிழையாவைப் பற்றி நன்றியோடு நாலு வரி எழுதச் சொன்னார்கள். அவர் மறைந்த செய்தி இங்கே சிங்கப்பூரில், ஜூரோங்கில் ரயில் ஏறும்போது வந்தது. அழுகை வரவில்லை; கால்தான் வலித்தது. பெஞ்சில் ஏறி நின்ற கால்.

1974இல் எங்கள் ஊரில் மழை பொய்த்தது. அடுத்த பங்குனியில், குளம் வெடித்துக் கிடந்தபோது, மௌனசாமி வந்தார். காவி, திருவோடு, புழுதி படிந்த வெறுங்கால். அரசமரத்தடியில் உட்கார்ந்தவரை ஊர் விடவில்லை. பூரணகும்பம், நாயனம், தாம்பாளத்தில் நிற்கவைத்துப் பாதபூசை, கடன் வாங்கிப் பாயசம். வரப்புச் சண்டையில் பேச்சை நிறுத்தியிருந்த இரண்டு குடும்பங்கள் ஒரே அண்டாவைத் தூக்கின. நமக்கும் மூன்று நாள் கோதுமை உப்புமாவிலிருந்து விடுதலை. மழையைப் பற்றி யாரும் வாய்திறக்கவில்லை. ஆனால் விசிறியவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டேதான் விசிறினார்கள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் செம்பில் தண்ணீர் கொண்டுபோனேன். சாமி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார்: "மன்னார்குடிக்குக் கடைசி பஸ் எப்போது, தம்பி?"

ஏழரைக்கு என்றேன்.

மறுநாள் மரத்தடி காலி. வகுப்பில் நான்தான் ராஜா. அந்தக் குரலை மூன்றாம் முறை நடித்துக் காட்டியபோது ஐயா வாசலில் நின்றார்.

"பொய்யா?"

"உண்மை, ஐயா."

"பெஞ்சில் ஏறு."

மணி அடிக்கும்வரை நின்றேன். 'பி' பிரிவுப் பெண்கள் தண்ணீர்ப் பானைக்குப் போகிற சாக்கில் இரண்டு தரம் எட்டிப் பார்த்தார்கள்.

மாலையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஐயா சொன்னார்: "துறவி ஒரு கிராமத்தில் ஓரிரவுக்கு மேல் தங்கக்கூடாது என்பது சாஸ்திரம். மழைக்காலத்துக்குத்தான் விலக்கு. நாம் மூன்று நாள் கட்டிப்போட்டோம். மௌனத்தை விட்டுச் சின்னப் பையனிடம் பஸ் கேட்க வைத்துவிட்டோம். அதைப் போய் நடிக்கிறாயே!"

1983இல் கப்பல் பட்டறை வேலைக்கு இங்கே வந்தேன். இரண்டு வருட ஒப்பந்தம்தான். சாஸ்திரத்தை நானும் மீறிவிட்டேன்.

போன முறை ஊருக்குப் போனபோது பள்ளி ஆண்டுவிழா. எல்லையிலேயே நாயனம், மாலை, பூரணகும்பம், சிங்கப்பூர்க்காரன் அல்லவா? கூரை, கணினி, கழிப்பறை என்று ஆளாளுக்கு என் முகத்தை அண்ணாந்து பார்த்தார்கள். கடைசி வரிசையில் ஐயா, பிளாஸ்டிக் நாற்காலியில், பாதி ஆளாக இருந்தார். இறங்கிப் போய்ப் பேசவேண்டும் என்றுதான் இருந்தேன். அதற்குள் சோடா கொண்டுவந்த பையனிடம் குனிந்து, மெல்லக் கேட்டுவிட்டேன்:

"திருச்சி விமான நிலையத்துக்கு எவ்வளவு நேரமாகும், தம்பி?"