ஒரு நாயும் 45,000 பவுண்டும்

ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலில் வீட்டோ (ஒரே ஒரு வல்லரசு தீர்மானத்தைத் தடுத்துவிடும் அதிகாரம்) என்று செய்தி வரும்போதெல்லாம் எனக்கு ஒரு நாய் ஞாபகத்துக்கு வரும்.

1925 அக்டோபர். கிரேக்க-பல்கேரிய எல்லையில் ஒரு கிரேக்கச் சிப்பாய் சுடப்பட்டு இறந்தார். எல்லை தாண்டி ஓடிய தன் நாயைப் பிடிக்கப் போனாராம். நாய் கதை நிஜமோ பொய்யோ, கிரேக்கப் படை பல்கேரியாவுக்குள் நுழைந்தது நிஜம். பல்கேரியா சர்வதேச சங்கத்திடம் (ஐ.நா.வுக்கு முந்தைய அமைப்பு) முறையிட்டது. பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் பிரியாண்ட் தலைமையில் பாரிஸில் சங்கத்தின் கவுன்சில் கூடி, சண்டையை நிறுத்து, படையைத் திருப்பு என்றது. சில நாட்களில் கிரேக்கம் வெளியேறியது. 45,000 பவுண்டு நஷ்டஈடு வேறு!

கிரேக்கர்களுக்கோ வயிற்றெரிச்சல். பின்னே? 1923ல் இத்தாலியின் முசோலினி அவர்களுடைய கோர்ஃபு தீவைப் போர்க்கப்பலிலிருந்து சுட்டுப் பிடித்தபோது, 5 கோடி லிரா கட்டியது இத்தாலி இல்லை, அடி வாங்கிய கிரேக்கம்தான். இளைத்தவனுக்கு ஒரு சட்டம், வலுத்தவனுக்கு வேறு.

அப்புறம் 1935. அதே முசோலினி எத்தியோப்பியாவுக்குள் படையெடுத்தார். சங்கத்தில் பொருளாதாரத் தடை போட்டார்கள், சரி. ஆனால் அதில் எண்ணெய் இல்லை! எண்ணெய் இல்லாமல் டாங்கி ஓடுமா, விமானம் பறக்குமா? சூயஸ் கால்வாயையும் மூடவில்லை, இத்தாலியக் கப்பல்கள் ஜோராகப் போய்வந்தன.

1936 ஜூன் 30 அன்று, நாட்டை இழந்த எத்தியோப்பியப் பேரரசர் ஹைலி செலாசி ஜெனீவாவில் சங்கத்தின் முன் பேச எழுந்தார். இத்தாலியப் பத்திரிகையாளர்கள் விசிலடித்துக் கூச்சல் போட்டார்கள். அடங்கும்வரை நின்று, அம்ஹாரிக் மொழியிலேயே பேசினார்.

அடுத்த மாதமே தடையை எடுத்துவிட்டார்கள்.