வியாசர்பாடியில் மரண கானாவைப் பதிவு செய்த அனுபவம்

சாவு வீட்டுப் பந்தலில் விடிய விடிய இறந்தவரைப் பற்றிக் கானா பாடிய எங்கள் வடசென்னைப் பகுதியின் மூத்த பாடகர்கள் ஒவ்வொருவராக மறைந்துவருவதைக் கண்டு, எஞ்சியிருப்பவர்களின் பாடல்களையாவது பதிவு செய்து வைக்கலாம் என்று ஏழு பேர் கூடி முடிவெடுத்தோம். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி சங்கம் அமைக்க அந்த ஏழு பேர் போதும். அந்த வேலை எளிதாகவே முடிந்தது. பாட்டைப் பிடிப்பதில்தான் இடறினோம்.

முதலில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தை வாடகைக்கு எடுத்து, எழுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவரை அழைத்துச் சென்றோம். கண்ணாடி அறைக்குள் தனியாக நின்றவருக்கு இரண்டாவது அடிக்கு மேல் வரவில்லை. டோலக் இல்லை, அடியை வாங்கிப் பாடப் பின்பாட்டுக்காரர்கள் இல்லை, எதிரே அழுகிற முகம் ஒன்றுகூட இல்லை. பாட்டு எங்கிருந்து வரும்? வாடகைப் பணம் வீணானது முழுக்க எங்கள் அறியாமையால்தான். சரி, வீட்டிலாவது பாடுங்கள் என்று கேட்டபோது அவர் கோபித்துக்கொண்டார். "உசுரோட இருக்கறவங்க வூட்ல இதப் பாடக் கூடாது தம்பி" என்றார். இந்தச் சிறு விலக்கைக்கூட அறியாமல் மரபைக் காக்கப் புறப்பட்டிருந்தோம்.

வழியை அவரே காட்டினார். 1996இல் மூடப்பட்ட பின்னி ஆலையில் வேலை பார்த்த அவருடைய கூட்டாளி ஒருவரின் முதலாம் ஆண்டு நினைவு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வீட்டம்மா சம்மதித்ததும் தெருவே வேலையில் இறங்கியது. பக்கத்துத் தெருக் கோயிலில் இரவு ஒன்பதுக்கு மேல் ஒலிபெருக்கியை நிறுத்திவைத்தார்கள். ஆட்டோ ஓட்டுநர்கள் வண்டிகளை முனையிலேயே நிறுத்திக்கொண்டார்கள். புல்புல்தாரா என்ற தந்திக் கருவியை வாசிப்பவரைப் புளியந்தோப்பிலிருந்து அழைத்துவந்தவர் எங்கள் டீக்கடைக்காரர். மாலையிட்ட படத்தின் முன் பாயில் அமர்ந்த பெரியவர், முதலில் தீப்பெட்டியை விரலால் தட்டித் தாளம் பார்த்துக்கொண்டார். பிறகு ஆலைச் சங்கு ஊதியதும் கூட்டாளி சைக்கிளை மிதித்த கதையையும், ஆலை மூடியபின் அதே சைக்கிளில் மீன் விற்ற கதையையும் பாடினார். கூடத்தில் இரண்டு அடியோடு நின்றுபோனவர், அன்று ஐந்து மணி நேரம் பாடினார். பதிவில் குழந்தை அழுகிறது, தம்ளர் உருளுகிறது, நாய் குரைக்கிறது. எதையும் நாங்கள் வெட்டவில்லை.

பதிவை யார் வைத்துக்கொள்வது என்பதில் ஒரு வாரம் வாக்குவாதம் நடந்தது. இளைஞர்கள் உடனே யூடியூபில் ஏற்ற விரும்பினார்கள். ஆனால் மரண கானாவில் இறந்தவரின் கடன் வரும், குடி வரும், ஊருக்குத் தெரியக்கூடாத சண்டையும் வரும். அவற்றை ஓர் இரவு பந்தலில் கேட்பது வேறு, உலகம் முழுவதும் கேட்பது வேறு. ஆகவே வீட்டாரும் பாடகரும் ஒப்புக்கொண்ட பகுதியை மட்டுமே வெளியிடுவது என்றும், முழுப் பதிவின் பிரதி அந்த இருவரிடமும் எங்கள் சங்கத்திடமும் மட்டுமே இருப்பது என்றும் எழுதிக் கையொப்பம் வாங்கினோம். வெளியிடாமல் வைப்பதும் பாதுகாப்புதானா என்று சிலர் இன்னும் கேட்கிறார்கள். எனக்கு அதில் ஐயமில்லை.

பதிவைப் போட்டுக் காட்டியபோது அந்த அம்மா பாதியில் நிறுத்தச் சொன்னார். "எனக்கு ரெண்டு பொண்ணு. ஒண்ணத்தான் பாடியிருக்காரு" என்றார். பெரியவர் தலையைச் சொறிந்துகொண்டு, அடுத்த வருஷம் சேர்த்துப் பாடிவிடுவதாகச் சொன்னார். பாட்டு, சடங்கு போன்ற தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுகளைக் காப்பதற்கான யுனெஸ்கோவின் 2003ஆம் ஆண்டு உடன்படிக்கை, இத்தகைய மரபைச் சமூகம் இடையறாது புதிதாக உருவாக்கிக்கொண்டே இருப்பது என்று வரையறுக்கிறது. அதை முன்பே படித்திருந்தேன்; அதன் பொருள் அந்த அம்மா பாட்டைத் திருத்தியபோதுதான் விளங்கியது. இரண்டாவது மகளின் பெயரைப் பாட்டு நோட்டின் ஓரத்தில் குறித்துக்கொண்டு, அடுத்த நினைவு நாளுக்குப் புல்புல்தாராக்காரரிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறோம்.