நீர்மட்டம் பார்த்துப் பறவை தேடுதல்: இதுவரையான அனுபவம்

ஒரு சதுப்புநிலத்துக்கும் ஒரு நீர்த்தேக்கத்துக்கும் மாறி மாறிச் சென்று, எந்தப் பறவை எந்த ஆழத்தில் இரை தேடுகிறது என்பதைக் குறித்துவைக்க வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் இந்தப் பொழுதுபோக்கைத் தொடங்கினேன். இப்போது குறிப்பேட்டைப் புரட்டினால், அதில் பறவைகளைவிட நீரைப் பற்றிய செய்திகளே மிகுந்திருக்கின்றன. நீர் எந்த அளவுக்கு உயர்ந்திருந்தது, கரை எவ்வளவு தூரம் வெளியே தெரிந்தது, சேறு ஈரமாக இருந்ததா, வெடித்துக் காய்ந்திருந்ததா என்பவை தெரிந்தாலே, அன்று கண்ணில் படக்கூடிய பறவைகளில் பெரும்பாலானவற்றைப் புறப்படும் முன்பே ஊகித்துவிட முடிகிறது.

1971 பிப்ரவரி 2 அன்று ஈரானின் ராம்சார் நகரில் ஏற்கப்பட்ட உடன்படிக்கை, இயற்கையானவை, செயற்கையானவை, நிரந்தரமானவை, தற்காலிகமானவை, நன்னீர், உவர்நீர் என்ற வேறுபாடு பாராமல் எல்லா நீர்ப்பரப்புகளையும் ஈரநிலம் என்ற ஒரே சொல்லுக்குள் அடக்குகிறது. ஓதம் இறங்கியிருக்கும் வேளையில் 6 மீட்டருக்கு மிகாத ஆழமுள்ள கடற்பகுதிகூட அதில் சேரும். அந்த வரையறையின்படி நான் செல்லும் இரண்டு இடங்களும் ஒரே இனம்தான். பறவைகள் அப்படிக் கருதுவதாகத் தெரியவில்லை.

சதுப்புநிலத்தில் கணுக்கால் நனையும் ஆழத்துக்கே கூட்டம் அதிகம். சிறிய உள்ளான்கள் நீர் முடிந்து சேறு தொடங்கும் விளிம்பை விட்டு உள்ளே இறங்குவதில்லை. பச்சைக்கால் உள்ளான் அதைவிடச் சற்று உள்ளே நடக்கிறது. நெடுங்கால் உள்ளான் வயிறு நனையாமல் இன்னும் உள்ளே போய்விடுகிறது. சாம்பல் நாரையோ அவற்றையெல்லாம் தாண்டி, அசையாமல் நின்றுகொண்டிருக்கிறது. தலையை நீருக்குள் கவிழ்த்து, வாலை மேலே தூக்கி மேயும் வாத்துகளுக்கு எட்டுவது அவற்றின் கழுத்தும் உடலும் நீளும் ஆழம் மட்டுமே. ஆகவே நீர் ஒரு சாண் உயர்ந்தால் உள்ளான்கள் காணாமல் போய் வாத்துகள் வந்து அமர்கின்றன. ஒரு சாண் இறங்கினால் இந்த வரிசை அப்படியே திரும்பிவிடுகிறது. ஒரு பறவை அங்கே இல்லை என்று எழுதுவதற்கு முன்னால் அதன் காலுக்கும் அலகுக்கும் ஏற்ற ஆழம் அன்று அங்கே இருந்ததா என்று பார்ப்பது இதனால் வழக்கமாகிவிட்டது.

நீர்த்தேக்கத்தின் கதை வேறு. கரை செங்குத்தாக இறங்குவதாலும், நீர்மட்டம் ஆண்டு முழுவதும் ஏறி இறங்குவதாலும், நாணலும் கோரையும் ஓரிடத்தில் வேரூன்றி நிலைப்பது அரிது. அணைச்சுவரின் அருகே நின்று பார்ப்பவருக்கு நடுநீரில் மூழ்கி மீன் பிடிக்கும் நீர்க்காகங்களும், எப்போதாவது மேலே வட்டமிடும் விராலடிப்பானும் தவிரப் பெரிதாக எதுவும் கிடைக்காது. சுற்றுலா வருபவர்கள் கூடும் இடமும் அதுவே என்பதால், நீர்த்தேக்கத்தில் பறவையே இல்லை என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். பார்க்க வேண்டிய இடம் எதிர்ப்பக்கத்தில், ஆறு வந்து சேரும் வால்பகுதியில் இருக்கிறது. ஓடிவரும் நீர் அங்கே வேகம் இழப்பதால், அது சுமந்துவந்த வண்டலை அங்கேயே இறக்கிவிடுகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல ஆழம் குறைந்து, மேடும் பள்ளமுமாக ஒரு சதுப்புநிலமே உருவாகிவிடுகிறது. பாசனத்துக்கோ மின் உற்பத்திக்கோ நீரைத் திறந்துவிட்டு மட்டம் இறங்கும் வாரங்களில், புதிதாக வெளிப்படும் அந்தச் சேற்றில் புழுக்களும் பூச்சிகளின் இளம்புழுக்களும் அலகுக்கு எட்டும் ஆழத்திலேயே கிடைக்கின்றன. அந்த இறக்கம் வலசைக் காலத்தோடு ஒத்துப்போனால், இதைவிட நல்ல இடம் சுற்றுவட்டாரத்தில் இருக்காது. அதனால் இப்போதெல்லாம் நீர்த்தேக்கத்தின் அன்றாட நீர் இருப்பு அறிவிப்பைப் பார்க்காமல் நான் கிளம்புவதில்லை.

நீர்மட்டம் பறவைக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை முக்குளிப்பானின் கூடு நன்றாகக் காட்டியது. அழுகிய தண்டுகளையும் நீர்ப்பாசியையும் குவித்து, நாணல் தண்டுகளில் சிக்கவைத்த மிதக்கும் மேடு அது. தொலைவில் ஒரு புதரின் பின்னே அமர்ந்து கவனித்தபோது, கூட்டைவிட்டு இறங்கும் முன் தாய்ப்பறவை ஈரப்பாசியை அலகால் இரண்டு பக்கமிருந்தும் விரைவாக இழுத்து முட்டைகளை மூடிவிட்டு, நீர் சலசலக்காமல் வழுக்கி உள்ளே மூழ்கியது. வேறோர் இடத்தில்தான் தலை தூக்கியது. கூட்டில் எஞ்சியிருந்தது குப்பைக் குவியல் போன்ற ஒன்றுதான். வெண்மையாக இடப்படும் முட்டைகள் இந்தப் பாசியின் கறை ஏறி நாளடைவில் பழுப்பாகிவிடுகின்றன. மிதக்கும் கூடு என்பதால் நீர் சிறிது ஏறினால் கூடும் சேர்ந்து உயர்கிறது. ஆனால் நீர்த்தேக்கத்தில் மட்டம் மளமளவென்று இறங்கினால் கூடு சேற்றில் தரைதட்டிவிடும். பிறகு நரிக்கும் நாய்க்கும் அது எட்டும் இடம்.

அதே நாணல் தண்டுகளில் நீருக்குச் சற்று மேலே தும்பிகளின் கூட்டுத்தோல்கள் ஒட்டிக்கொண்டிருப்பதையும் பார்க்கலாம். முதுகுப்பக்கம் பிளந்திருக்கும், பிளவின் ஓரத்தில் வெள்ளை நூல்போல் மூச்சுக்குழாயின் உள்தோல் தொங்கும். நீரடியில் வளர்ந்த இளம்பூச்சி தண்டில் ஏறித் தும்பியாக வெளியேறியதற்கான சான்று அது. பறவைகள் அடங்கியிருக்கும் நண்பகலில் இவற்றைத் தேடுவதே எனக்குப் பிடித்த வேலை.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 8x42 பைனாகுலர் போதும். எட்டு மடங்கு பெருக்கமும் 42 மில்லிமீட்டர் முகப்பு வில்லையும் அதிகாலை மங்கல் ஒளிக்கும் கைநடுக்கத்துக்கும் பொருந்துகின்றன. பரந்த நீர்த்தேக்கத்தில் தொலைநோக்கி உதவும் என்றாலும், வெயில் ஏறியதும் நீர்ப்பரப்பின் மேல் காற்று அலைபாயத் தொடங்கிவிடும். எத்தனை மடங்கு பெருக்கினாலும் அந்த நடுக்கமும் சேர்ந்தே பெருகும். கருவியைவிட நிற்கும் கரை முக்கியம். காலையில் கிழக்குக் கரையிலும் மாலையில் மேற்குக் கரையிலும் நின்றால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். எதிர்ப்பக்கம் நின்றால் எல்லா உள்ளானும் ஒரே கருநிழல்தான்.

துடுப்புப் படகில் சென்று பார்த்ததில் எனக்குக் கலவையான எண்ணமே உண்டு. நீரின் மட்டத்திலிருந்து பார்க்கும் கோணம் கரையில் கிடைக்காதது. ஆனால் துடுப்பு வீச்சு தூரத்திலேயே கூட்டத்தைக் கிளப்பிவிடுகிறது. துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு காற்றின் போக்கில் மிதந்தால் ஓரளவு நெருங்கலாம். மேய்ந்துகொண்டிருந்த தலைகள் ஒருசேர நிமிர்ந்தால் அதற்குமேல் நகரக் கூடாது. இதை வெறும் நாகரிகமாக நான் எண்ணுவதில்லை. பட்டைவால் மூக்கன் இனத்தின் ஓர் இளம்பறவை 2022-இல் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 13,560 கிலோமீட்டர் தொலைவை எங்கும் இறங்காமல் 11 நாள்களில் கடந்தது. அத்தகைய பயணங்களுக்குரிய கொழுப்பைச் சேர்த்துக்கொண்டிருக்கும் பறவையை ஒரு படத்துக்காக மீண்டும் மீண்டும் பறக்க வைப்பது, அது தின்றதைப் பிடுங்குவதற்குச் சமம்.

பாதுகாப்புக்கென்று மூன்று விதிகளை வைத்திருக்கிறேன். மட்டம் இறங்கிய நீர்த்தேக்கத்தின் மேல்பரப்புச் சேறு காய்ந்து தரைபோலத் தெரிந்தாலும் அடியில் இளகியிருக்கும் என்பதால், பிளவுகளின் நடுவே ஈரம் தெரியும் இடத்தில் கால் வைப்பதில்லை. அணைக்குக் கீழே ஆற்றுப்படுகையில் இறங்குவதே இல்லை. மதகு எப்போது திறக்கும் என்பது மேலே இருப்பவர்களுக்குத்தான் தெரியும். நீர் பச்சைச் சாயம் கரைத்ததுபோல் இருக்கும் நாளில் அதில் கையையும் நனைப்பதில்லை; சில நீலப்பச்சைப் பாசிகள் நச்சு உண்டாக்குபவை.

எண்ணிக்கையில் இப்போதுதான் தேறிவருகிறேன். பெரிய கூட்டத்தில் முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அந்தப் பத்து அடைத்துக்கொள்ளும் இடத்தைக் கண்ணால் அளந்து, அதே அளவை மற்றப் பகுதிகளின்மேல் பொருத்திக்கொண்டே போவது நடைமுறை. 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு, இப்படித் தன்னார்வலர்கள் கரையில் நின்று எண்ணித் தரும் எண்களைக் கொண்டே நடக்கிறது. பறவைப் பதிவுகளைத் திரட்டும் இ-பேர்ட் இணையதளத்தில் என் எண்களை ஏற்றும்போது, குறிப்புப் பகுதியில் நீர்மட்டத்தையும் சேற்றின் அகலத்தையும் சேர்த்து எழுதுகிறேன். அடுத்த வலசைக் காலத்தில் வால்பகுதியில் ஒரே இடத்தில் நின்று, மட்டம் இறங்க இறங்க எந்த உள்ளான் முதலில் வருகிறது, எது கடைசியில் கிளம்புகிறது என்பதை வரிசையாகப் பதிவுசெய்வதாகத் திட்டம்.