மூன்று கட்டம் மௌனம்

டிசம்பர் 3

பேஸ்பால் இல்லாத மாதங்கள் தொடங்கிவிட்டன. அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடர் முடிந்து ஒரு மாதம் ஓடிவிட்டது, இனி பந்து எறியும் பிட்சர்களும் அதைப் பிடிக்கும் கேட்சர்களும் பயிற்சிக்கு வந்து சேர பிப்ரவரி ஆகும். ஒவ்வொரு வருஷமும் இந்த நாட்களில் கை ஒடிந்த மாதிரி இருக்கும். இந்த முறை பழைய ஆட்டம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் விவரப் பதிவைப் படித்து, ஆள் ஆளாகப் பென்சிலால் ஸ்கோர் ஷீட் எழுதப் போகிறேன். அப்படியே கேட்ட பாட்டு, பார்த்த படம், படித்த காமிக்ஸ் எல்லாம் இதிலேயே வரும், எனக்கு இவை தனித்தனியாக இருந்ததே இல்லை.

ஸ்கோர் ஷீட் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு பேட்டருக்கும் இன்னிங்ஸுக்கு ஒரு சதுரக் கட்டம், அதற்குள் மெல்லிசாக ஒரு சாய்சதுரம், அதுதான் மைதானம். பேஸ் என்றால் அடித்துவிட்டு ஓடித் தொட வேண்டிய இடம். ஆள் முதல் பேஸுக்குப் போனால் கீழ் முனையிலிருந்து வலது முனைக்கு ஒரு கோடு இழுக்க வேண்டும், அடுத்த பேஸுக்கு அங்கிருந்து மேல் முனைக்கு, இப்படிச் சுற்றி வந்து சாய்சதுரம் மூடிக்கொண்டால் ஒரு ரன். தடுப்பவர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான்: பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் 6, தூரத்தில் நிற்கும் மூவர் இடமிருந்து வலமாக 7, 8, 9. 6-4-3 என்று எழுதியிருந்தால் பந்து ஷார்ட்ஸ்டாப்பிடம் போய், இரண்டாம் பேஸுக்கு வந்து, முதல் பேஸில் முடிந்தது, இரண்டு பேர் காலி. பந்தை அடிக்க முடியாமல் மூன்று வாய்ப்பையும் இழப்பது ஸ்ட்ரைக் அவுட், அதற்கு ‘கே’. பேட்டை வீசாமல் பார்த்துக்கொண்டே நின்று அவுட் ஆனவனுக்கு அந்த ஆங்கில எழுத்தைக் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பிப் போட வேண்டும். ஒருவன் திகைத்து நின்றதைச் சொல்ல இதைவிட நல்ல குறி எந்த மொழியிலும் இருக்காது என்று நினைக்கிறேன்.

டிசம்பர் 7

எடுத்துக்கொண்ட ஆட்டம் 1962 அக்டோபர் 16, சான் பிரான்சிஸ்கோ, உலகத் தொடரைத் தீர்மானிக்கும் ஏழாவது ஆட்டம், நியூயார்க் யாங்கீஸும் ஜெயன்ட்ஸும். ஏன் இதை எடுத்தேன் என்பதை 22ஆம் தேதி சொல்கிறேன், அன்றைக்குச் சொன்னால்தான் பொருத்தம்.

மழையால் தள்ளித் தள்ளிப் போன தொடர் அது, புல் ஈரமாக இருந்தது. இந்த ஈரத்தை மறந்துவிடாதீர்கள்.

மொத்த ஆட்டத்துக்கும் ஒரே ஒரு ரன்தான். ஐந்தாவது இன்னிங்ஸில் யாங்கீஸுக்கு மூன்று பேஸிலும் ஆள், ஒருவரும் அவுட் இல்லை. டோனி கியூபெக் தரையோடு அடித்தார், ஜெயன்ட்ஸ் டபுள் பிளே எடுத்தார்கள், அவர்கள் அந்த இரண்டு அவுட்டை வாங்கிக்கொண்டிருக்கும்போதே மூன்றாம் பேஸில் இருந்த ஸ்கோவ்ரன் ஓடி வந்துவிட்டார். டபுள் பிளேயில் வந்த ரன்னுக்கு அடித்தவன் கணக்கில் எதுவும் சேராது, விதி அப்படி. ஆக, ஒரு உலகத் தொடரையே தீர்மானித்த ரன், அதை வரவழைத்தவர் என்று யார் பேரிலும் எழுதப்படவில்லை. அந்தச் சாய்சதுரத்தை மூடிவிட்டு உள்ளே பென்சிலால் நிரப்பினேன். முழுத் தாளிலும் கறுப்பாகத் தெரிவது அது ஒன்றுதான்.

டிசம்பர் 11

பஸ்டர் கீட்டன் நடித்த ‘தி கேமராமேன்’ படத்தை மறுபடி பார்த்தேன். 1928இல் வந்த பேசாப் படம். அதில் ஒரு காட்சிக்காக எத்தனை முறை வேண்டுமானாலும் பார்ப்பேன். ஆட்டத்தைப் படம் பிடிக்கலாம் என்று யாங்கீ ஸ்டேடியத்துக்குப் போகிறார், அணி அன்றைக்கு வேறு ஊரில் ஆடிக்கொண்டிருக்கிறது, ஸ்டேடியம் காலி. திரும்பிப் போக மனம் வரவில்லை அவருக்கு. பந்து இல்லை, பேட் இல்லை, ஒரு ஆளும் இல்லை, தானே பிட்சராக நின்று, இல்லாத கேட்சரின் சைகையைத் தலையாட்டி மறுத்து, பேஸில் நிற்கும் இல்லாத ஆளைத் திரும்பிப் பார்த்து முறைத்து, அப்புறம் தானே பேட்டராகி அடித்து, சுற்றி ஓடி, தொடங்கிய இடமான ஹோம் பிளேட்டுக்கே வந்து சறுக்கி விழுகிறார்.

கீட்டனுக்கு நிஜமாகவே பேஸ்பால் பைத்தியம். படப்பிடிப்பில் யோசனை எதுவும் ஓடவில்லை என்றால் ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஆடப் போய்விடுவாராம். அது இந்தக் காட்சியில் தெரிகிறது. பந்தைக் காட்டவே இல்லை, ஆனால் அது எங்கே போகிறது என்பது எனக்கு ஒவ்வொரு நொடியும் தெரிகிறது. இன்றைய படங்களில் ஒருவன் பேட்டைத் தூக்கினாலே நாற்பது வயலின் சேர்ந்து எழும்புகிறது, நான் என்ன உணர வேண்டும் என்பதை எனக்கு முன்பே அவர்கள் உணர்ந்து முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை.

டிசம்பர் 15

ஒன்பதாவது இன்னிங்ஸ். இன்று இது ஒன்றுதான் எழுதினேன், ஆறு கட்டம்கூட இல்லை, ஒரு மணி நேரம் ஆனது.

0-1, ஜெயன்ட்ஸுக்குக் கடைசி வாய்ப்பு. பிட்சர் ரால்ஃப் டெரி. இரண்டு வருஷம் முன்னால், 1960இல், இதே ஏழாவது ஆட்டத்தில், இதே ஒன்பதாவது இன்னிங்ஸில், எதிரணியின் மசரோஸ்கிக்கு ஒரே அடியில் முழுச் சுற்றும் வருகிற ஹோம் ரன் கொடுத்துத் தொடரை இழந்த அதே டெரி. மேட்டி அலூ பந்தை மெல்லத் தட்டிவிடும் பன்ட் அடித்து முதல் பேஸுக்குப் போய்விட்டார். அடுத்து அவருடைய அண்ணன் ஃபெலிப்பே அலூ, கே. அடுத்து ஹில்லர், அவரும் கே. அப்புறம் வில்லி மேஸ் வலது பக்கம் ஒரு டபுள், அதாவது இரண்டாம் பேஸ் வரை ஓடக்கூடிய அடி, அடிக்கிறார். காய்ந்த புல்லாக இருந்தால் பந்து உருண்டு மூலைக்குப் போயிருக்கும், மேட்டி அலூ வீடு சேர்ந்திருப்பார். ஈரத்தில் பந்து மெதுவாகிவிட, ராஜர் மாரிஸ் ஓடி எடுத்து எறிந்துவிட்டார். அலூ மூன்றாம் பேஸில் நின்றார், மேஸ் இரண்டாவதில்.

வருவது வில்லி மக்கோவி. இவரை வேண்டுமென்றே முதல் பேஸுக்குச் சும்மா நடக்க விட்டுவிட்டு அடுத்த ஆளுக்குப் போடலாமா என்று மேனேஜர் வந்து கேட்கிறார், டெரி மக்கோவிக்கே போடுகிறேன் என்கிறார். முதலில் வலது பக்கம் ஒரு நீளமான அடி, கோட்டுக்கு வெளியே, ஃபவுல். அப்புறம் நேர்கோட்டில் ஒரு இடி. சத்தம் கேட்பதற்குள் அது இரண்டாம் பேஸ்காரர் பாபி ரிச்சர்ட்சன் கையில். கட்டத்தில் நான் எழுதியது ‘எல் 4’. லைன் டிரைவ், இரண்டாம் பேஸ். ஒரு எழுத்து, ஒரு எண்.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

டிசம்பர் 22

சரி, சொன்ன நாள் வந்துவிட்டது. 1962இல் இதே தேதியில், அந்த ஆட்டம் முடிந்து இரண்டு மாதம் கழித்து, ‘பீநட்ஸ்’ தினசரிக் கார்ட்டூனில் நான்கு கட்டம் வந்தது. முதல் மூன்றிலும் சார்லி பிரவுனும் லைனஸும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு வார்த்தை இல்லை. நான்காவதில் சார்லி பிரவுன் வானத்தைப் பார்த்துக் கத்துகிறான்: மக்கோவி அந்தப் பந்தை இன்னும் மூன்று அடி உயரமாக அடித்திருக்கக் கூடாதா?

அவ்வளவுதான். எந்த ஆட்டம், யார் மக்கோவி, ஒரு விளக்கமும் கிடையாது. வரைந்த சார்ல்ஸ் ஷுல்ஸ் சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே குடியிருந்த ஜெயன்ட்ஸ் ரசிகர், அவருக்கு விளக்கத் தேவை இருக்கவில்லை. மற்றவர்களெல்லாம் மறந்து கிறிஸ்துமஸ் வேலையைப் பார்க்கப் போய்விட்ட நேரத்தில் இவர் இன்னும் அக்டோபரிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

மகளிடம் காட்டினேன். இரண்டு நொடியில் படித்துவிட்டு, “என்னப்பா, மூணு கட்டத்துல ஒண்ணுமே நடக்கலையே” என்றாள். “நடக்குதும்மா, மெதுவா பாரு” என்றேன். மறுபடி பார்த்தாள். இந்த முறை ஒவ்வொரு கட்டத்தின் மேலும் விரலை வைத்து வைத்து நகர்த்தினாள், மூன்றாவதில் விரல் கொஞ்சம் நின்றது. “யோசிச்சுகிட்டே இருக்கான்” என்றாள்.

வருஷக்கணக்காக காமிக்ஸ் படிக்கிற எனக்கு இதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல வந்ததில்லை. ஒரே ஒரு மௌனக் கட்டம் போட்டிருந்தால் அது நகைச்சுவைக்கு விட்ட இடைவெளி. மூன்று போட்டதால்தான் அது இரண்டு மாதம்.

டிசம்பர் 26

நேற்று முழுக்க வின்ஸ் குவரால்டி, பீநட்ஸ் படங்களுக்கு இசையமைத்த பியானோக்காரர். ‘லைனஸ் அண்ட் லூசி’யில் அந்த இடது கை இருக்கிறதே, அது தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும், வலது கை தாளத்தின் மேல் நேராக வந்து உட்காராமல் கொஞ்சம் தள்ளித் தள்ளி எடுக்கும். நம் பாட்டுக்காரர்கள் அரை இடம் தள்ளி எடுப்பு என்பார்களே, அந்தச் சுகம்தான். விட்ட இடத்தில் நம் தலை ஆடுகிறது.

இந்த இசை சார்லி பிரவுனிடம் வந்து சேர்ந்த வழிதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். லீ மெண்டல்சன் என்ற தயாரிப்பாளர் எடுத்த ஆவணப்படம் ஒன்று வில்லி மேஸைப் பற்றியது, 1963இல் வந்தது. ஆமாம், இரண்டாம் பேஸில் நின்றுபோன அதே மேஸ். அது முடிந்ததும் ஒரு பீநட்ஸ் பேஸ்பால் துணுக்கைப் படிக்கிறார், உலகத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரரைப் படம் எடுத்தாயிற்று, இனி மிக மோசமான ஆட்டக்காரனை எடுக்கலாமே என்று தோன்றுகிறது. ஷுல்ஸிடம் போய் நிற்கிறார். இசைக்கு யார் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது கோல்டன் கேட் பாலத்தில் டாக்ஸி ரேடியோவில் குவரால்டியின் பியானோ கேட்கிறது.

அந்தக் கூட்டணிதான் 1965 டிசம்பர் 9 அன்று ஒளிபரப்பான கிறிஸ்துமஸ் படத்தைச் செய்தது. குழந்தைப் பாத்திரங்களுக்குக் குழந்தைகளே குரல் கொடுத்தார்கள். பின்னால் சிரிப்பொலி சேர்க்கக் கூடாது என்று ஷுல்ஸ் பிடிவாதமாக இருந்தார். தொலைக்காட்சி அதிகாரிகளுக்குப் படம் மெதுவாக இருக்கிறது என்று குறை. மெதுவாகத்தான் இருக்கிறது, அதனால்தான் இன்னும் பார்க்கிறோம்.

ஜனவரி 9

வின் ஸ்கல்லி வர்ணனைகள் கேட்டுக்கொண்டே வேலை பார்த்தேன். டாட்ஜர்ஸ் அணிக்காக 67 சீசன், 1950 முதல் 2016 வரை. 1974 ஏப்ரல் 8, ஹேங்க் ஆரன் 715ஆவது ஹோம் ரன் அடித்து பேப் ரூத்தின் சாதனையைத் தாண்டுகிறார். பந்து போய்விட்டது என்று சொல்லிவிட்டு ஸ்கல்லி வாயை மூடிக்கொள்கிறார். கூட்டத்தின் இரைச்சல் மட்டும் ஓடுகிறது, ஓடிக்கொண்டே இருக்கிறது. பேசிப் பிழைக்கிற மனிதர் தன் வாழ்க்கையின் மிகப் பெரிய தருணத்தில் பேசாமல் இருக்க எவ்வளவு நம்பிக்கை வேண்டும், நம்மேல்.

2023 முதல் பிட்சருக்குக் கடிகாரம் வைத்துவிட்டார்கள், பேஸ் காலியாக இருந்தால் 15 நொடிக்குள் எறிய வேண்டும். ஆட்டம் விறுவிறுப்பாகிவிட்டது உண்மைதான், இளைஞர்கள் பார்க்கிறார்கள், அதுவும் நல்லதுதான். ஆனால் ஒன்பதாவது இன்னிங்ஸில் மூன்றாம் பேஸில் ஆள் நிற்கும்போது பிட்சர் மேட்டை விட்டு இறங்கி, பந்தைத் தேய்த்து, வெறுமனே நிற்பாரே, அது எனக்கு வேண்டும். அதில்தான் என் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

ஜனவரி 28

1963இல் இதே நாளில் ஷுல்ஸ் திரும்பவும் வரைந்தார். அதே இரண்டு பேர், அதே மூன்று மௌனக் கட்டம். நான்காவதில் கத்தல்: இரண்டு அடியாவது உயரமாக அடித்திருக்கக் கூடாதா? ஒரு மாதத்தில் ஒரு அடி குறைத்துக் கேட்கிறான். பேரம் பேசுகிறான் பாவம்.

மக்கோவி அதன்பின் நெடுங்காலம் ஆடினார், மொத்தம் 521 ஹோம் ரன், 1986இல் பேஸ்பாலின் தலைசிறந்தவர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்வானார். எப்படி நினைவில் இருக்க விரும்புகிறீர்கள் என்று கேட்டதற்கு, பாபி ரிச்சர்ட்சன் தலைக்கு மேல் பந்தை அடித்தவனாக என்று சொன்னார்.

இன்று மகள் ஸ்கோர் ஷீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். ஒன்பதாவது இன்னிங்ஸ் பத்தியில் மேட்டி அலூவின் சாய்சதுரத்துக்கு மூன்று பக்கம் கோடு இருக்கிறது, மேஸுக்கு இரண்டு பக்கம். நான்காவது பக்கத்தை மூட பென்சிலை எடுத்தாள். “அது வேண்டாம்மா, அவர் வரலை” என்றேன்.

“அப்போ இவரு இங்கயேதான் நிக்கிறாரா?”

“ஆமா.”

“இவரும்?”

“அவரும்தான்.”

பென்சிலைத் தாளின் மேலேயே வைத்துவிட்டு, மேஸின் கட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.