மல்லிகையைக் காப்பாற்ற ஒரு பலிகடா

ஜூன் 26, 2024, புதன்

நேற்று அக்காவுக்கு இரண்டாவது கீமோ. மருந்து ஏறுவதற்கு முன்பே வாந்தி. லிஃப்ட் கதவு திறந்து, ஸ்பிரிட்டும் ஃபினாயிலும் கலந்த வார்டுக் காற்று முகத்தில் பட்டதுமே சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஊசி கூட இன்னும் குத்தவில்லை. முதல் கீமோவுக்கு இதே வாசலில் பேசிச் சிரித்துக்கொண்டுதான் நுழைந்தாள். அன்றைக்கு ஜூன் 4, ஓட்டு எண்ணிக்கை. நர்ஸ்கள் உட்பட வார்டே டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

டாக்டருக்கு இதில் ஆச்சரியமே இல்லை. முதல் சுற்றில் சிவப்பு மருந்து ஏறி ராத்திரி குமட்டியபோதே மூளை அந்த வாசனையையும் குமட்டலையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டதாம். இனி வாசனை மட்டும் வந்தாலே போதும், வயிறு புரள ஆரம்பித்துவிடும். வார்டில் சிவப்பு மருந்து என்று சொல்வது டாக்ஸோரூபிசினை. அதோடு சைக்ளோபாஸ்ஃபமைடும் ஏற்றுகிறார்கள். 21 நாளுக்கு ஒரு முறை, மொத்தம் 4 சுற்று. அது முடிந்தால் பாக்லிடாக்சல், வாரம் ஒன்றாக 12.

ஒன்டான்செட்ரான் மாதிரி மாத்திரைகள் மருந்து கிளப்புகிற வாந்திக்கு நன்றாகக் கேட்கின்றன. நேற்று ராத்திரி அக்கா இரண்டு இட்லி சாப்பிட்டாள். மருந்துக்கு முன்னாலேயே வரும் இந்தக் குமட்டல்தான் அவற்றுக்கு அடங்க மாட்டேன் என்கிறது. அடுத்த தடவை முந்தின இரவும் அன்று காலையும் பதற்றத்தைக் குறைக்கும் லோரசெபாம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஜூன் 30, ஞாயிறு

வீட்டில் தாளிப்பு நின்றுவிட்டது. சோறு கொதிக்கும் வாசனை வந்தால் அக்கா மொட்டை மாடிக்குப் போய்விடுகிறாள். சூடாக இருக்கும் எதுவும் வாசனையை வீசுகிறது, ஆறிப்போனால் சமாளித்துவிடுகிறாள். ஆகவே தயிர்சாதம், ஆறின இட்லி, மாதுளை. மாமாதான் பாவம், தானும் அதையே சாப்பிட்டுக்கொண்டு வெளியே ஹோட்டலில் ரகசியமாக ஆம்லெட் போடச் சொல்கிறார்.

மத்தியானம் தெருக்கோடி அம்மா ஒருவர் ஒரு பெட்டியோடு வந்தார். உள்ளே விரல் உயர பாட்டில்கள்: லாவண்டர், புதினா, குந்திரிக்கம், எலுமிச்சை. சங்கிலி வியாபாரத்தில் சேர்ந்திருக்கிறார். குந்திரிக்க எண்ணெயைப் பாதத்தில் தடவினால் கட்டி கரையுமாம், லாவண்டர் கேன்சர் செல்லைக் கொல்லுமாம், "லேப்ல நிரூபிச்சிருக்காங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்லின் மேல் எதை ஊற்றினாலும் போதுமான அளவு ஊற்றினால் செத்துப் போகும், ப்ளீச்சிங் பவுடரும் கொல்லும். அதற்கும் மனுஷி உடம்பில் இருக்கும் கட்டிக்கும் வெகு தூரம். இருபது வருஷமாக வேதியியல் பாடம் எடுக்கிறவள் முன்னால் இதைச் சொன்னால் சும்மா இருக்க முடியுமா? எந்த வாசனை எண்ணெயும் புற்றுநோயைக் குணப்படுத்தியதில்லை என்று கொஞ்சம் அழுத்தியே சொன்னேன்.

அவர் போனதும் அக்கா, "விடுடி, அவங்களுக்கும் மாச டார்கெட் இருக்கும்ல" என்றாள். அப்புறம், "கட்டி கரைய வேணாம். அந்த லிஃப்ட் வாசல்ல குமட்டாம இருக்க எதாச்சும் இருக்கானு பாரு" என்றாள்.

சரி, பார்க்கிறேன்.

ஜூலை 5, வெள்ளி

பள்ளி விட்டு வந்து ராத்திரியெல்லாம் படிப்பு. கிடைத்ததைக் குறித்துவைக்கிறேன்.

2007இல் இங்கிலாந்தில் 288 புற்றுநோயாளிகளிடம் வாசனை எண்ணெய் மசாஜைச் சோதித்திருக்கிறார்கள். ஆறு வாரத்தில் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்தவர்கள் மசாஜ் பெற்ற குழுவில் அதிகம். பத்தாவது வாரத்தில் பார்த்தால் வித்தியாசம் காணோம். அதாவது நன்மை இருந்தது, தங்கவில்லை.

2003இல் ஆஸ்திரேலியாவில் கதிர்வீச்சு சிகிச்சை பெற்ற 313 பேர். லாவண்டர், பெர்கமாட், செடார் எண்ணெய்களைச் சிகிச்சை நேரத்தில் முகரக் கொடுத்தார்கள். முடிவில் பதற்றம் குறைவாக இருந்தது வாசனையே இல்லாத வெறும் எண்ணெய் பெற்ற குழுவுக்கு! இதைப் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். மருத்துவ ஆய்வுகளை ஒன்றுதிரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2016இல் வெளியிட்ட தொகுப்பும், மசாஜுக்கும் வாசனைக்கும் சான்றுகள் மிக பலவீனம் என்றுதான் முடிக்கிறது.

இத்தோடு மூடி வைத்திருப்பேன். குமட்டல் பக்கம் தேடியபோதுதான் வேறொன்று கிடைத்தது. சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்து உளவியல் ஆய்வாளர் இலீன் பெர்ன்ஸ்டீன், 1978இல் கீமோ பெறும் குழந்தைகளுக்கு, மருந்துக்குச் சற்று முன்னால், அவர்கள் அதுவரை சாப்பிட்டிராத சுவையில் ஒரு ஐஸ்கிரீம் கொடுத்திருக்கிறார். சில வாரம் கழித்து அதே ஐஸ்கிரீமை நீட்டினால் பல குழந்தைகளுக்கு வேண்டாம். ஐஸ்கிரீம் அந்தக் குழந்தைகளுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை, மருந்து செய்ததற்கு அதன் மேல் பழி விழுந்தது. மருந்தால்தான் குமட்டுகிறது என்று தெரிந்திருந்தாலும் இது நடக்குமாம். வயிறு தனிக் கணக்கு வைத்திருக்கிறது.

அவரே பிற்பாடு, 1987இல், இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்திருக்கிறார். சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் நடுவே அழுத்தமான சுவையுள்ள மிட்டாய் ஒன்று. பழியை மிட்டாய் வாங்கிக்கொண்டது, சாப்பாடு தப்பித்தது. மிட்டாய்தான் பலிகடா.

அது நாக்கு, இது மூக்கு. யாரும் சொல்லாததை நானாகத்தான் நீட்டிப் பார்க்கிறேன். ஆனாலும், லிஃப்ட் வாசலில் மூக்குக்கு ஏதாவது கொடுக்கப் போகிறோம் என்றால் அது அக்காவுக்குப் பிடித்த வாசனையாக இருக்கக் கூடாது.

ஜூலை 7, ஞாயிறு

வாசனை தேர்வு. அக்கா கட்டிலில், நான் தரையில், நடுவில் பட்டியல்.

மல்லிகைதான் அவளுடைய முதல் யோசனை. மதுரைக்காரி, வேறென்ன சொல்வாள்? முடி கொட்டிய பிறகும் சாயங்காலம் ஒரு முழம் வாங்கிச் சாமி படத்துக்குப் போட்டுவிட்டு மீதியைத் தலையணை பக்கத்தில் வைத்துக்கொள்கிறாள். நான் ஒரே பிடியாக மறுத்தேன். அந்தப் பூ போய் சிவப்பு மருந்தோடு சேர்ந்துகொண்டால் அப்புறம் ஆயுசுக்கும் வீட்டில் மல்லி வாங்க முடியாது. தவிர, கடையில் மல்லிகை எண்ணெய் என்று மலிவாக விற்பது பூவிலிருந்து வந்ததாக இருக்காது. மல்லிகைக்கு ஆவியில் வடித்தல் ஒத்துவராது, சூட்டில் வாசனை கெட்டுவிடும். ஹெக்சேனில் ஊறவைத்து மெழுகு மாதிரி எடுத்து, அதை ஆல்கஹாலில் கரைத்துப் பிரிக்க வேண்டும். மூட்டை மூட்டையாகப் பூ போய் சொற்ப அளவு எண்ணெய் வரும். விலை அதற்கேற்ப.

எலுமிச்சை? கொடைக்கானல் பஸ்ஸில் ஏறும்போதெல்லாம் அம்மா கையில் ஒரு பழத்தைத் திணிப்பாள். வத்தலகுண்டு தாண்டி மலை ஏறியதும் அதை முகர்ந்துகொண்டே வாந்தி எடுத்த பரம்பரை நாங்கள். எலுமிச்சை என்றதுமே அக்கா வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டாள். புதினாவைத் தொட்டால் சட்னி போய்விடும். நீலகிரித் தைலம் ஜலதோஷத்துக்கு வேண்டும். எலுமிச்சைப்புல் தரை துடைக்கும் திரவத்தில் வருகிறது. அமிர்தாஞ்சன் என்றாள் கடைசியில். அது 1893இல் பம்பாயில் பிறந்து 1914இல் சென்னைக்கு வந்த நாளிலிருந்து தமிழ்நாட்டுத் தலைவலிகளுக்குச் சொந்தம், அதைப் பலி கொடுக்க எனக்கு மனசில்லை.

லாவண்டர்தான் மிஞ்சியது. எங்கள் வீட்டில் யாருக்கும் அதோடு ஒரு உறவும் கிடையாது. கல்யாணத்தில் இல்லை, கோயிலில் இல்லை, சமையலில் இல்லை. ஜம்முவில் பதர்வா பக்கம் விவசாயிகள் இப்போது மக்காச்சோளத்தை விட்டுவிட்டு லாவண்டர் போடுகிறார்களாம், அங்கிருந்து வரும் எண்ணெயே ஆன்லைனில் கிடைத்தது. கறுத்த கண்ணாடி பாட்டில், மேலே லாவண்டுலா அங்கஸ்டிஃபோலியா என்று செடியின் பெயர். பெயர் போடாமல் வெறும் லாவண்டர் என்றிருப்பதை வாங்குவதாக இல்லை. அதன் முக்கியச் சரக்கு லினலூலும் லினலைல் அசிட்டேட்டும். கொத்தமல்லி விதை எண்ணெயிலும் லினலூல்தான் பெரும்பங்கு, ஆனால் மூக்குக்கு இரண்டும் வேறு வேறு. நல்லவேளை, ரசம் தப்பித்தது.

ஜூலை 11, வியாழன்

டாக்டரிடம் கேட்காமல் எதுவும் வேண்டாம் என்று பாட்டிலையே எடுத்துக்கொண்டு போனேன். முகரலாம், தோலில் வேண்டாம் என்றார். அக்காவின் கட்டி ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைச் சார்ந்து வளரும் வகை. லாவண்டர், டீ ட்ரீ எண்ணெய்கள் பூசிய மூன்று சிறுவர்களுக்கு மார்பு வீங்கியதாக, அதாவது அந்த எண்ணெய்கள் ஈஸ்ட்ரோஜன் மாதிரி வேலை செய்யலாம் என்று, 2007இல் ஒரு மருத்துவ இதழில் வந்தது. பிறகு வந்த ஆய்வுகள் அதைச் சந்தேகிக்கின்றன, ஆனாலும் சந்தேகம் உள்ள பொருளைத் தினமும் உடம்பில் தேய்க்க அவசியம் என்ன என்பது அவர் கேள்வி. எனக்கும் அது நியாயமாகப் பட்டது. உள்ளுக்குச் சாப்பிடுவது பற்றிப் பேச்சே இல்லை.

நர்ஸ் சிஸ்டர் இன்னும் கறார். வார்டில் ஆவி பறக்கும் மெஷின் எதுவும் கூடாது, பக்கத்துப் படுக்கைக்காரருக்கு ஆஸ்துமா இருக்கலாம், அவருக்கு இதே வாசனை குமட்டலாம். பஞ்சில் ஒரு சொட்டு, மூடி போட்ட டப்பாவில் வைத்து, தேவைப்படும்போது திறந்து முகர்ந்துவிட்டு மூட வேண்டும். அப்புறம் அக்காவிடம், மனசுக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள் என்று தெர்மாமீட்டர் படம் போட்ட ஒரு தாளை நீட்டினார். நாலும் அதற்கு மேலும் என்றால் உட்கார்ந்து பேச வேண்டும் என்று கணக்கு. அக்கா ஏழு போட்டாள். வீட்டில் கேட்டால் எப்போதும் "நல்லாத்தான் இருக்கேன்" என்பவள்.

ஜூலை 17, புதன்

நேற்று மூன்றாவது சுற்று. பழைய குங்குமச் சிமிழில் பஞ்சு. ஆட்டோ ஆஸ்பத்திரித் தெருவுக்குள் திரும்பும்போதே திறந்துவிட்டாள். மூக்கால் மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக வாயால் விடச் சொல்லியிருந்தேன். லிஃப்ட் வாசலில் என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான். குமட்டல் இருந்தது, வாந்தி இல்லை. சிஸ்டரின் தாளில் இந்த முறை ஐந்து.

லாவண்டரால்தானா? லோரசெபாம் போட்டிருந்தாள், மூச்சு நிதானமாக இருந்தது, கையில் பிடித்துக்கொள்ள ஒரு டப்பா இருந்தது. என் வகுப்பில் ஒரு பெண் மூன்றையும் ஒரே சோதனையில் மாற்றிவிட்டு முடிவு எழுதியிருந்தால் நோட்டைத் திருப்பிக் கொடுத்திருப்பேன். அக்காவுக்கு அந்தக் கவலை இல்லை. பக்கத்துப் படுக்கையில் ராமநாதபுரம் பக்கத்து அம்மா ஒருவர், "என்னம்மா அது?" என்று கேட்டு வாங்கி முகர்ந்து, முகத்தைச் சுளித்துத் திருப்பிக் கொடுத்தார். அவர் இடுப்பில் கோடாலி தைலம் இருந்தது.

ஜூலை 28, ஞாயிறு

ராத்திரி தூக்கம் வராத நாட்களில் அக்காவின் பாதத்தைப் பிடித்துவிடுகிறேன். வெறும் தேங்காய் எண்ணெய், லேசாக, அழுத்தாமல். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்திருக்கும்போது அழுத்தினால் கன்னிப்போகும், கால் வீங்கி வலித்தால் தொடவே கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். இன்றைக்குப் பாதியிலேயே குறட்டை. காலையில், "உன் லாவண்டரை விட இதுதாண்டி" என்றாள். வெறும் எண்ணெய்க் குழுவை நினைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

செவ்வாயோடு சிவப்பு மருந்து முடிந்தது. சிமிழ் வேலை செய்தது, தாளில் நாலு. மருந்து முடியும் தறுவாயில் லேசாக வாந்தி.

ஆகஸ்ட் 22, வியாழன்

பாட்டிலுக்கு ஆயுசு முடிந்தது. நேற்று ஜவுளிக் கடையில் கை கழுவப் போனவள் பாதியில் திரும்பி வந்துவிட்டாள். அங்கே லாவண்டர் சோப்புத் திரவம். "மருந்து ஏத்துற மாதிரியே இருந்துச்சுடி, உவ்வே!" வீட்டுக்கு வந்ததும் சிமிழைத் தூக்கி என்னிடம் கொடுத்துவிட்டாள். எனக்கு உள்ளூர சந்தோஷம். பழி போக வேண்டிய இடத்துக்குத்தான் போயிருக்கிறது. தலையணைப் பக்கத்து மல்லியில் ஒரு குறையும் இல்லை.

அடுத்த செவ்வாய் பாக்லிடாக்சல் ஆரம்பம். இதில் வாந்தி குறைவாம், விரல் நுனி மரத்துப்போவதைத்தான் கவனிக்கச் சொன்னார்கள். அலர்ஜி வராமல் இருக்க முதலில் போடும் ஊசியில் பாதி நேரம் தூங்கிவிடுவாள். ஆனாலும் அதே லிஃப்ட், அதே ஃபினாயில். புது வாசனை ஒன்று வேண்டுமா என்று கேட்டேன்.

"வேணும். உன் வீட்டுக்காரர் ஒரு சென்ட் போடுவாரே, அதைக் கொண்டா. அது எனக்குப் பிடிக்காமப் போனா யாருக்கும் நஷ்டம் இல்ல."

அவரிடம் இன்னும் சொல்லவில்லை.