ராசாவா, ராஜாவா: இஸ்ரேலுக்குத் தோட்ட வேலைக்கு வந்த கதை

முதலில் ஏமாந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். அதை மறைத்துவிட்டு மிச்சத்தை எழுதினால் நான் ஏதோ கெட்டிக்காரன் என்று நினைத்துவிடுவீர்கள்.

எங்களுக்குக் கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் வயல் மூன்று ஏக்கர். 2021இல் இரசாயனப் பசளையைத் தடைசெய்தபோது அந்தக் காலபோகம், மாரி நெல், படுத்தது. அடுத்த வருசம் டீசலுக்கு வரிசை. லேண்ட்மாஸ்டர் உழவு மெசினுக்கு லீசிங் கட்டவில்லை, அக்காவின் தாலிக்கொடியும் அடகில். அந்த நேரம்தான் ஒருவர் வீட்டுக்கு வந்து, கனடாவில் பண்ணை வேலை, ஸ்கில்ட் விசா, ஸ்பொன்சர் ரெடி என்றார். எல்.எம்.ஐ.ஏ. என்று ஒரு கடிதத்தைக் காட்டினார். மேலே மேப்பிள் இலை. அப்பாவுக்கு அந்த இலையே போதுமாக இருந்தது. மூன்று லட்சம் கொடுத்தோம். பிறகு அவருடைய போன் வேலை செய்யவில்லை.

எல்.எம்.ஐ.ஏ. என்றால் என்ன என்று நான் படித்தது காசு போன பிறகு. வெளிநாட்டு ஆளை எடுக்க விரும்பும் கனடா முதலாளி, உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று காட்டித் தன் அரசாங்கத்திடம் எடுக்கவேண்டிய அனுமதி அது. அதற்கான கட்டணத்தைத் தொழிலாளியிடம் அறவிடவே கூடாது. அதாவது அந்த மனிதர் என்னிடம் எதற்குக் காசு கேட்டாரோ, அதே விசயம் அவரைக் கள்ளன் என்று சொல்லிக்கொண்டிருந்தது. எனக்குத்தான் வாசிக்கத் தெரியவில்லை.

2023 ஒக்டோபர் 7 ஹமாஸ் தாக்குதலுக்குப் பிறகு இஸ்ரேல் தோட்டங்களில் ஆள் இல்லாமல் போனது. அங்கே வேலை செய்த தாய்லாந்துக்காரர்களில் பலர் கொல்லப்பட்டார்கள், சிலர் பணயக்கைதிகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள், ஆயிரக்கணக்கானோர் ஊர் திரும்பினார்கள். பலஸ்தீனத் தொழிலாளருக்கான அனுமதியும் நிறுத்தப்பட்டது. நவம்பரில் இலங்கையிலிருந்து 10,000 பேர் வரை எடுப்பதாக இரண்டு அரசாங்கங்களும் பேசி முடித்த செய்தி வந்தது. யாருடைய இடத்துக்கு நான் போகிறேன் என்ற கேள்வி அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. லீசிங்காரன் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

இந்த முறை ஏஜென்ட் இல்லை. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் ஊடாக மட்டும்தான் வழி. அவர்களுடைய 1989 என்ற போன் இலக்கத்துக்கு அடித்துக் கேட்டேன். இடையில் யாரும் காசு கேட்டால் கொடுக்கவேண்டாம் என்றார்கள். அந்த ஒரு வசனத்துக்காகவே இன்னும் இரண்டு தடவை அடித்தேன்.

பிறகுதான் உண்மையான கஷ்டம் தொடங்கியது. கடதாசி.

எங்கள் வீட்டுப் பத்திரங்கள் எல்லாம் ஒரு இரும்புப் பெட்டிக்குள் இருந்தன. 2009இல், போரின் கடைசி மாதங்களில், அந்தப் பெட்டி மாத்தளன் கடற்கரை வரை எங்களோடு வந்தது, அதற்கு அங்கால வரவில்லை. மெனிக் பாம் முகாமால் வந்த பிறகு ஒரு நடமாடும் சேவையில் பிறப்புச் சான்றிதழின் பிரதி எடுத்தோம். அதில் அப்பாவின் பெயர் ‘ராசா’ என்று முடிகிறது. என் அடையாள அட்டையில் ‘ராஜா’. எந்தக் கை எழுதியதோ தெரியாது, பதினைந்து வருசமாக யாருமே கவனிக்கவில்லை. சிம் வாங்க ராஜா போதும், பசளைக் காசு எடுக்க ராசா போதும். பாஸ்போட்டுக்கு இரண்டும் ஒன்றாக வேண்டும்.

விதானையிடம், அதாவது கிராம சேவகரிடம், போனேன். அவர் கடிதம் தந்தார், ஆனால் திருத்த வேலை தன்னுடையதில்லை என்றார். பிரதேச செயலகத்தில் ஒரு படிவம். அதோடு சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி. சமாதான நீதவான் எங்கள் பள்ளிக்கூட வாத்தியார்.

“தம்பி, கொப்பர் ராசாதானே? நானே கூப்பிட்டிருக்கிறன்.”

“ஓம் சேர், ஆனா அடையாள அட்டையில ராஜா எண்டு கிடக்கு.”

“அப்ப ராஜாவும் நல்ல பேர்தானே,” என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார்.

அந்தப் படிவம் போய்த் திரும்பி வர ஏழு கிழமை. ஒரு தடவை முழுப்பெயர் இல்லை என்று திருப்பினார்கள், அடுத்த தடவை அப்பாவின் கையொப்பம் இல்லை என்று. அப்பா போருக்குப் பிறகு வலது கையால் எழுதுவதில்லை. பெருவிரல் அடையாளத்தை ஏற்கும் வரை அவரை மூன்று தடவை மோட்டார்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன். வவுனியாவில் பாஸ்போட் எடுத்துத் திரும்பும்போது முறிகண்டிப் பிள்ளையாரடியில் இறங்கித் தேங்காய் உடைத்தேன். கச்சானும் வாங்கினேன். நேர்த்தி எல்லாம் இல்லை, பசி.

பொலிஸ் நற்சான்றும் மருத்துவப் பரிசோதனையும் பெரிய பாடில்லை. நேர்முகத்தில் சிங்களம் கொஞ்சம் தடுமாறியது. பக்கத்தில் இருந்த பொலனறுவைப் பெடியன் எடுத்துக் கொடுத்தான், அவனும் கமக்காரன்தான். என்ன பயிர், எத்தனை ஏக்கர், மருந்தடித்துப் பழக்கமா, எவ்வளவு பாரம் தூக்குவாய் என்று கேட்டார்கள். சான்றிதழ் ஏதும் இருக்கிறதா என்று தேடிப்போன எனக்கு அது ஆறுதல். டிக்கெட், மருத்துவம், பதிவு எல்லாம் சேர்த்த செலவு அம்மாவின் ஒரு சங்கிலிக்குள் அடங்கியது.

ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் விமானத்தில் வந்தவர்களில் பாதிப் பேர் வாசித்திருக்கவில்லை. இந்த விசா தோட்ட வேலைக்கு மட்டும். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு முறைப்படி மாறலாம், துறையை மாற்ற முடியாது. கூடியது 63 மாதம். அதற்குப் பிறகு குடியுரிமை, குடும்பத்தைக் கூப்பிடுவது என்ற பேச்சே இல்லை. ஆகக் குறைந்த சம்பளம் 2024 ஏப்ரலில் மாதம் 182 மணித்தியாலத்துக்கு 5,880 சேக்கலாக (இஸ்ரேல் காசு) இருந்தது. அதாவது மணிக்கு 32.30. மேலதிக நேரத்துக்கு முதல் இரண்டு மணி ஒன்றேகால் மடங்கு, பிறகு ஒன்றரை மடங்கு. தங்குமிடம், மருத்துவக் காப்புறுதி என்று வெட்டுவார்கள். நான் வந்த முதல் நாளிலிருந்து ஒரு கொப்பியில் தொடங்கும் நேரம், முடியும் நேரம் எழுதி வைக்கிறேன். இரண்டாவது மாதச் சம்பளத்தில் பதினொரு மணித்தியாலம் குறைந்திருந்தது. கொப்பியைக் காட்டினேன், அடுத்த மாதம் சேர்த்துப் போட்டார்கள். கொப்பி இல்லாத ஒருவருக்கும் குறைந்திருந்தது. அவருக்குப் போடவில்லை.

என்னோடு வந்த ஒருவர் நான்காம் மாதம் நகரத்துக்குப் போய் பேக்கரியில் சேர்ந்தார். வெயில் இல்லை, காசும் கூட என்று எங்களையும் கூப்பிட்டார். அப்படிப் போன பலரைப் பிடித்து நாட்டுக்கு அனுப்பினார்கள். அவரும் அதில் ஒருவர். அவர் சோம்பேறி இல்லை. 45 பாகை வெயிலில் பொலித்தீன் கூடாரத்துக்குள் நின்றவருக்குத்தான் அது விளங்கும்.

வேலை தக்காளி. நெகேவ் பாலைவன மணல், மண்ணென்று சொல்ல ஏதுமில்லை. ஒவ்வொரு செடிக்கும் ஒரு சொட்டுக்குழாய், எத்தனை மணிக்கு எவ்வளவு தண்ணீர் என்று கணினி சொல்லும். எங்கள் ஊரில் சிறுபோகத்துக்கு, கோடை நெல்லுக்கு, கூட்டம் கூடி, குளத்தில் எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்து, ஏக்கருக்குப் பங்கு பிரித்து, வாய்க்காலில் மண்வெட்டியோடு இரவு காவல் நிற்போம். முதல் வாரம் முழுக்க அந்தக் குழாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கொடியை நூலில் சுற்றுவது, பக்கக் கிளை கிள்ளுவது எல்லாம் இரண்டு நாளில் பழகிவிட்டது. அதைச் சொல்லித் தந்தவர் ஒரு தாய்லாந்து அண்ணை. திரும்பிப் போகாமல் நின்றவர்களில் ஒருவர்.

காற்று மேற்கிலிருந்து வந்தால் காசாப் பக்கச் சத்தம் கேட்கும். முதல் தடவை கேட்டபோது கையிலிருந்த கூடையை வைத்துவிட்டு நிலத்தில் இருந்துவிட்டேன். தூரத்தை வைத்து என்ன எறிகணை என்று சொல்ல எங்கள் வயது ஆட்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. பக்கத்து வரிசைக்காரர் வெயில் என்று நினைத்துத் தண்ணீர் தந்தார். 2024 ஏப்ரல் 13 இரவு, ஊரில் வருசப்பிறப்பு. நடுச்சாமம் தாண்டி ஈரான் ஏவியவை வந்தபோது வானம் முழுக்க வெளிச்சக் கோடுகள். கொங்கிரீட் அறைக்குள் பதினான்கு பேர். ஒருவர் வீடியோ எடுத்தார். எனக்கு எடுக்க மனம் வரவில்லை. அம்மா அடுத்த நாள் போனில் கேட்டது ஒன்றுதான்: “பங்கர் படுக்கிற இடத்துக்குக் கிட்டவோ?” கிட்ட என்றேன். மேல்மூடி என்ன போட்டிருக்கு என்றும் கேட்டார். பனங்குற்றி இல்லை அம்மா, கொங்கிரீட் என்றேன்.

லீசிங் போன வருசம் முடிந்தது. தாலிக்கொடி மீண்டுவிட்டது. மூன்று லட்சம் போனது போனதுதான்.

இப்போது தம்பியும் வெளிக்கிட நிற்கிறான். போன கிழமை எடுத்து, “அண்ணை, எங்க தொடங்க?” என்றான். முதல் இருக்கிற கடதாசி எல்லாவற்றையும் பாயில் விரித்து அப்பாவின் பெயரை வாசி என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறப்புச் சான்றிதழில் ராசா, அடையாள அட்டையில் ராஜா, பள்ளிக்கூடச் சான்றிதழில் ராயா.